ஆண்டுக்கு 2,000 டாலர் மானியத்தில் குழந்தை நலத் திட்டம்: எதைச் செய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது?

சிற்றாறு (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் ஐகேட்ச் மாதிரியான சிறு மானியங்களைப் பற்றி இந்த இழை. ஆண்டுக்கு 2,000 டாலர் வரை, மூன்று ஆண்டுக்கு. குறைந்த வருமான நாடு ஒன்றில் 10,000 பேர் வாழும் பகுதிக்கான வரைவு கையில் இருக்கிறது. தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் முவாக் நாடாவால் (மேல்கையின் நடுச்சுற்றளவை அளக்கும் நிறக்கோட்டு நாடா) 6 முதல் 59 மாதக் குழந்தைகளின் கைச்சுற்றளவை அளப்பார்கள். கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு தென்பட்டால் சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே சிகிச்சைக்கான ஊட்டப் பசையை மானியப் பணத்தில் வாங்கி வைப்பதாக எண்ணம்.

மூன்று கேள்விகள். பணம் போதுமா? தன்னார்வலருக்கு ஊக்கத்தொகை எழுதலாமா? எதை அளந்து அறிக்கை தருவது?

---

அளவுநாடா

முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பசை வாங்கும் எண்ணம் அதிலேயே அடிபட்டுவிடும்.

10,000 பேரில் ஐந்து வயதுக்கு உட்பட்டோர் 15% என்று வைத்தால் 1,500 குழந்தைகள். 6–59 மாதம் என்பது அதில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 1,350. கடும் குறைபாடு 2% என்றால் இன்று அளந்தால் 27 பேர் கிடைப்பார்கள். இந்த 27-ஐ ஆண்டுக் கணக்காக எடுத்துக்கொள்வதுதான் வரைவுகளில் வழக்கமாக நடக்கும் பிழை. இன்று நலமாக இருக்கும் குழந்தை நான்கு மாதம் கழித்து மெலியலாம். அதனால் ஆண்டுக்கான எண்ணிக்கைக்கு 2.6-ஆல் பெருக்குவது நெடுநாள் வழக்கம் (இருப்போர் 1, புதிதாக வருவோர் 1.6). ஆக சுமார் 70. அதில் பாதிப் பேரையாவது எட்டுவீர்கள் என்றால் 35 குழந்தைகள்.

ஊட்டப் பசை 92 கிராம் பொட்டலமாக வரும், ஒவ்வொன்றிலும் 500 கிலோ கலோரி. பெட்டிக்கு 150 பொட்டலம். ஒரு குழந்தை தேறுவதற்கு ஏறத்தாழ ஒரு பெட்டி ஆகும். எனவே 35 பெட்டி. பெட்டி 50 டாலர் என்று வைத்தாலே 1,750 டாலர். சுங்கம், வண்டிக்கூலி, சேமிப்பு எதையும் இதில் சேர்க்கவில்லை. உங்கள் ஓராண்டு மானியம் மொத்தமும் ஒரே வரியில் போய்விடும். நான்காம் ஆண்டு பெட்டியும் வராது.

பசை அரசு வழியாகவோ யுனிசெஃப் வழியாகவோ வர வேண்டிய பொருள். ஏற்கெனவே வரும் பொருளை உரிய குழந்தையிடம் கொண்டு சேர்க்கும் வேலைக்குத்தான் சிறு மானியம் சரிப்படும். அந்தச் சங்கிலி எந்தக் கண்ணியில் அறுந்திருக்கிறது என்று பார்த்து அதை மட்டும் கட்டுங்கள்.

---

மருந்தறை

மேலே சொன்னதற்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. விண்ணப்பம் எழுதும் முன் சுகாதார நிலையத்தின் இருப்பு அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பன்னிரண்டு மாதத்துக்கு உரியதைப் பாருங்கள். எத்தனை நாள் பசை இருப்பு சுழியமாக இருந்தது என்று எண்ணுங்கள். ஆண்டில் 60, 70 நாள் இல்லாமல் இருந்திருந்தால், முதல் ஆண்டு வேலை கோரிக்கைப் படிவத்தை நேரத்துக்கு அனுப்ப வைப்பதுதான். நாடாவை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தன்னார்வலர் பேச்சை நம்பி ஒரு தாய் பத்து கிலோமீட்டர் நடந்து வந்து "பசை தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள்" என்று கேட்டுவிட்டுத் திரும்பினால், அந்தத் தெருவில் அடுத்த முறை எந்த வீட்டுக் கதவும் திறக்காது. அளவெடுப்பு நன்றாக நடந்த இடங்களில்கூடத் திட்டம் படுத்துவிடுவது இப்படித்தான்.

---

சிற்றாறு

ஒப்புக்கொள்கிறேன், பசை வரியை எடுத்துவிடுகிறேன். முதல் ஆண்டுக்கு மாற்று வரவுசெலவு இது. விலைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டும்:

வங்கிக் கட்டணம் 60
24 தன்னார்வலருக்கு 2 நாள் பயிற்சி, ஆளுக்கு நாளொன்றுக்கு 6 வீதம் 288
அரை நாள் மீள்பயிற்சி 3 முறை, ஆளுக்கு 4 வீதம் 288
நாடா 60 எண்ணம் 30
சீட்டு, பதிவேடு அச்சு 150
அனுப்பப்படும் குழந்தைகளுக்குப் போக்குவரத்து, 40 குழந்தை × 2 பயணம் × 5 = 400
மேற்பார்வைப் பயணம் மாதம் 30 வீதம் 360
தொலைபேசி 120
கணக்குத் தணிக்கை 100
எடைக்கருவி பராமரிப்பு, பேட்டரி 104
எதிர்பாராச் செலவு 100

மொத்தம் 2,000.

---

வரவுசெலவு

வங்கிக் கட்டணத்தை மறக்காமல் போட்டதற்கே ஒரு கைத்தட்டல். பெரும்பாலான வரைவுகளில் அந்த வரி இருக்காது. கூடுதலாகச் சில:

1. வெளிநாட்டுப் பணம் வரும்போது அனுப்பும் வங்கி, இடையில் நிற்கும் வங்கி, பெறும் வங்கி என மூன்று இடத்தில் கழிப்பார்கள். கட்டணம் முழுவதையும் அனுப்புபவரே ஏற்கும் முறையில் அனுப்பச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். 2,000 அனுப்பி 1,940 வந்தால் அந்த 60-க்கு வங்கி அறிவிப்புக் கடிதம்தான் ஆதாரம். அதைக் கோப்பில் வையுங்கள்.

2. மாற்று விகிதம்: இணையத்தில் பார்த்த விகிதத்தை எழுதாதீர்கள். பணம் வரவான நாளில் வங்கி எந்த விகிதத்தில் மாற்றியதோ அதுவே கணக்கு. ஆண்டு நடுவில் உள்ளூர் நாணயம் சரிந்தால் கையில் இருக்கும் தொகை மாறாது, விலைதான் ஏறும். அதனால் அச்சு, நாடா போன்றவற்றை முதல் மாதத்திலேயே வாங்கிவிடுங்கள்.

3. வெப்பத்தாளில் அச்சாகும் ரசீதுகள் ஆறு மாதத்தில் வெளுத்துப் போகும். வந்த அன்றே நகலெடுத்து இரண்டையும் சேர்த்துக் குத்துங்கள். ரசீதே தராத வண்டிக்காரருக்கு ஒரு வவுச்சர் புத்தகம் போதும்: தேதி, எங்கிருந்து எங்கே, தொகை, கையெழுத்து அல்லது கைநாட்டு, உடனிருந்தவர் கையெழுத்து.

4. கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து. தனிநபர் கணக்குக்குப் பணம் வாங்கவே வேண்டாம். ஒரு மருத்துவமனையோ சங்கமோ பணத்தைப் பெற்றுத் தருவதானால் அவர்கள் நிர்வாகச் செலவென்று எத்தனை விழுக்காடு எடுப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

5. பல நாடுகளில் வெளிநாட்டு நிதி பெறத் தனிப் பதிவு வேண்டும். சட்டமும் மாறிக்கொண்டே இருக்கும். இந்தியாவில் 2020 திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. "பெரிய சங்கம் வாங்கி நமக்குத் தரும்" என்ற ஏற்பாடு அங்கே செல்லாது. உங்கள் நாட்டில் நிலை என்ன என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே உறுதி செய்யுங்கள். பணம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வங்கியிலேயே முடங்கிக் கிடக்கும்.

---

மருதம்

போக்குவரத்து வரியில் ஓட்டை இருக்கிறது, சிற்றாறு. 40 × 2 என்று போட்டிருக்கிறீர்கள். முதல் வருகையும் அடுத்த வருகையும் மட்டும்தான் அதில் அடங்கும். வெளிநோயாளி சிகிச்சை ஒரு குழந்தைக்கு எட்டு வாரம் போகலாம், வாரம் ஒரு வருகை. 35 × 8 = 280 பயணம். 5 டாலர் வீதம் 1,400.

முதல் இரண்டு வருகைக்குக் காசு கொடுத்து மூன்றாவதில் நிறுத்தினால், மூன்றாவது வாரத்திலிருந்து குழந்தைகள் வராமல் போவார்கள். பதிவேட்டில் "இடையில் நின்றவர்" என்ற கட்டம் நிரம்பும். ஸ்ஃபியர் தரம் (நிவாரணப் பணிகளுக்கான பன்னாட்டுக் குறைந்தபட்சத் தரம்) சொல்வது: தேறியவர் 75%-க்கு மேல், இறந்தவர் 10%-க்குக் கீழ், இடையில் நின்றவர் 15%-க்குக் கீழ். 35 பேரில் ஆறு பேர் நின்றாலே 17% ஆகிவிடுகிறது. சிறிய எண்ணிக்கையில் இந்த விழுக்காடுகள் துள்ளும் என்பதையும் அறிக்கையில் சொல்லிவிடுங்கள். விழுக்காட்டோடு எப்போதும் எண்ணையும் எழுதுங்கள்.

---

பனையோலை

நான் மாறுபடுகிறேன். போக்குவரத்துப் பணமே கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. மூன்று ஆண்டு கொடுத்துவிட்டு நான்காம் ஆண்டு நிறுத்தினால், தொடங்கும் முன் இருந்ததைவிட வருகை குறையும். காசு கிடைத்த இடத்தில் காசு இல்லாமல் வருவதை மக்கள் ஏமாற்றமாகத்தான் பார்ப்பார்கள். அந்த 400-ஐ நிலையத்தின் செவிலி மாதம் ஒருமுறை தொலைவான ஊருக்கு வந்து பார்ப்பதற்குச் செலவிடுங்கள்.

---

மருதம்

செவிலி வெளியே போகும் நாளில் நிலையத்தில் யார் இருப்பார்? ஒரே செவிலி இருக்கும் நிலையங்கள்தான் அதிகம். நடுவழி இருக்கிறது. சுகாதாரத் துறையின் நெறிமுறை இடம் கொடுத்தால், வாரம் ஒரு வருகையை இரு வாரத்துக்கு ஒன்றாக மாற்றி, இரண்டு வாரப் பசையைச் சேர்த்துக் கொடுக்கலாம். வருகை பாதியாகும். வீக்கம் உள்ள குழந்தை, சாப்பிட மறுக்கும் குழந்தை, எடை ஏறாத குழந்தை இவர்களுக்கு மட்டும் வாரவாரம். போக்குவரத்துப் பணத்தையும் எல்லோருக்கும் தராமல் தூரத்தை வைத்து வரையறுங்கள், 5 கிலோமீட்டருக்கு அப்பால் என்பது போல. அந்த வரையறையை ஊர்க் கூட்டத்தில் அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் தன்னார்வலருக்கு வேண்டியவர்களுக்குத்தான் கிடைக்கிறது என்ற பேச்சு வரும்.

---

அளவுநாடா

பயிற்சியைப் பற்றி யாரும் பேசவில்லையே. இரண்டு நாள் பயிற்சியில் ஒன்றரை நாள் உரையாகப் போய்விடுகிறது. கையில் நாடாவைப் பிடித்துக் குழந்தையை அளப்பதற்குக் கடைசி இரண்டு மணி நேரம். தலைகீழாக இருக்க வேண்டும்.

அளக்கும் முறை: இடது கை. தோள் எலும்பின் முனையிலிருந்து முழங்கை முனை வரை, கையை மடக்கி அளந்து நடுப்புள்ளியைக் குறிக்க வேண்டும். பிறகு கை தளர்ந்து தொங்க வேண்டும். சட்டைக் கை மேல் அளக்கவே கூடாது. நாடா தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. தோலில் சுருக்கம் விழுந்தால் இறுக்கம் அதிகம், விரல் நுழைந்தால் தளர்வு. 11.5 செ.மீ.க்குக் கீழ் சிவப்பு, 11.5 முதல் 12.5-க்குள் மஞ்சள், 12.5-உம் அதற்கு மேலும் பச்சை. அழும் குழந்தை கையை முறுக்கும். அம்மா மடியில் வைத்து, அவர் கையாலேயே பிடிக்கச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும்.

பிழை எங்கே வருகிறது என்றால் 11.4, 11.6 ஓரத்தில்தான். 2 மி.மீ. இறுக்கினால் மஞ்சள் குழந்தை சிவப்பாகிவிடும். அதனால் தேர்வு இல்லாமல் யாரையும் களத்துக்கு அனுப்பாதீர்கள். பத்துக் குழந்தைகள், ஒவ்வொரு தன்னார்வலரும் இரண்டு முறை, முதல் சுற்று எண்ணைப் பார்க்காமல். தனக்குள்ளேயே இரு அளவும் எவ்வளவு விலகுகின்றன, பயிற்சியாளர் அளவிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று இரண்டையும் பாருங்கள். தன் அளவே ஒத்துவராதவருக்குக் கை பழகவில்லை. தன் அளவு ஒத்துப்போய் பயிற்சியாளரோடு ஒரே திசையில் விலகுபவருக்கு முறையில் தப்பு, பெரும்பாலும் நடுப்புள்ளியில். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

நாடாவையும் நம்பாதீர்கள். பழசானால் நீளும், வெயிலில் வைத்தால் வளையும். 40 மி.மீ. வெளிவிட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை மேற்பார்வையாளர் பையில் வைத்திருந்தால் போதும். அதன் சுற்றளவு 12.57 செ.மீ. நாடாவைச் சுற்றினால் 12.5, 12.6 அளவில் நிற்க வேண்டும், அதாவது மஞ்சளும் பச்சையும் சேரும் கோட்டுக்குப் பக்கத்தில். குழாயின் விட்டத்தை முதலில் அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள், எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். மாதம் ஒருமுறை எல்லா நாடாவையும் இதில் சுற்றிப் பார்த்து, தவறுவதை அங்கேயே கத்தரியால் வெட்டிவிடுங்கள். வெட்டாமல் ஒதுக்கி வைத்தால் யாராவது திரும்ப எடுத்துப் போவார்கள்!

---

செவிலிக்குரல்

நாடா மட்டும் போதாது. இரு பாத வீக்கத்தையும் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். இரண்டு பாதத்தின் மேற்புறத்திலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா? இரண்டிலும் நின்றால் நாடா பச்சை காட்டினாலும் அது கடும் குறைபாடுதான். கொழுகொழு என்று தெரியும் வீங்கிய குழந்தையை "ஆரோக்கியம்" என்று எழுதி விட்டுப் போவதைவிட ஆபத்து வேறில்லை.

வயதும் ஒரு தலைவலி. பிறந்த தேதி தெரியாத இடங்களில் 65 செ.மீ. உயரத்தை ஆறு மாதத்துக்கு ஈடாக வைத்துக்கொள்வார்கள். அந்த உயரத்தில் ஒரு கோல் போதும். ஆனால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் அதிகம் உள்ள பகுதியில் பெரிய குழந்தைகள் விடுபடுவார்கள், அதனால் அம்மாவிடம் பண்டிகை, விதைப்பு, மழைக்காலம் வைத்து வயது கேட்பதே மேல்.

அம்மாக்களுக்கே நாடா கொடுங்கள் என்பது என் பரிந்துரை. 60 நாடா என்று போட்டிருக்கிறீர்கள். நாடா மலிவு, 300 வாங்கலாம். இரு வாரத்துக்கு ஒருமுறை அம்மாவே அளந்தால் தன்னார்வலரின் வீட்டு வருகை குறையும். மானியம் நின்ற பிறகும் அளவெடுப்பு நிற்காது.

---

பனையோலை

ஊக்கத்தொகைக் கேள்வி விட்டுப்போயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல், சுகாதாரப் பணியாளராக வேலை செய்பவருக்கு வேலைக்கேற்ற ஊதியம் தர வேண்டும் என்கிறது. செயல்திறன் அடிப்படையிலான தொகையை மட்டுமே நம்பியிருக்கச் செய்யாதீர்கள் என்றும் சொல்கிறது. 2,000 டாலரில் 24 பேருக்கு ஊதியம் தர முடியாது. சிறு மானியம் தருவோர் பலர் சம்பள வரியை ஏற்பதும் இல்லை. அப்படியென்றால் வேலையைச் சுருக்குங்கள். மாதம் நான்கு மணி நேரம் கேட்டால் தன்னார்வலர் என்று சொல்லலாம், வாரம் இரண்டு நாள் கேட்டால் அது கூலியில்லா வேலை.

குழந்தை ஒன்றுக்கு இவ்வளவு என்று மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சிவப்புக் குழந்தை கண்டுபிடித்தால் காசு என்றால் நாடா தானாக இறுகும்.

---

மருந்தறை

கடைசி வரியை அச்சடித்துச் சுவரில் ஒட்ட வேண்டும்.

---

குறியீட்டான்

எதை அளப்பது என்ற மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். விண்ணப்பங்களில் "குழந்தை இறப்பு விகிதம் 20% குறையும்" என்று எழுதுகிறார்கள். 1,350 குழந்தைகள் உள்ள பகுதியில் மூன்று ஆண்டில் அந்த மாற்றத்தைக் காட்டவே முடியாது, எண்ணிக்கை போதாது. மதிப்பிடுபவர் அந்த வரியிலேயே பேனாவை வைத்துவிடுவார். பயிற்சி பெற்றோர் 24, கூட்டங்கள் 12 என்று செய்ததை எண்ணிக் காட்டுவது இன்னோர் எல்லை. அதில் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது.

மூன்றே மூன்று போதும்.

ஒன்று, அனுப்பியவர்களில் நிலையத்தை அடைந்தவர். இதற்கு மூன்று படிச் சீட்டு வேண்டும். கார்பன் வைத்த புத்தகம். ஒரு படி அம்மாவிடம், ஒரு படி தன்னார்வலர் புத்தகத்தில், மூன்றாவதை அம்மா கொண்டுவந்து நிலையத்துப் பெட்டியில் போட வேண்டும். மாதக் கடைசியில் புத்தகத்தில் உள்ள எண்களையும் பெட்டியில் உள்ள எண்களையும் ஒப்பிட்டால் யார் வரவில்லை என்று பெயரோடு தெரியும். சீட்டில் வரிசை எண் அச்சாகியிருக்க வேண்டும். கையால் எண் போட்டால் இரண்டே வாரத்தில் இரண்டு 17 இருக்கும்.

இரண்டு, சிகிச்சை முடித்துத் தேறியவர். தேறியவர் என்றால் அடுத்தடுத்து இரு வருகையில் 12.5 செ.மீ. அல்லது அதற்கு மேல், குறைந்தது இரண்டு வாரமாக வீக்கம் இல்லை. உங்கள் நாட்டு நெறிமுறை வேறு சொன்னால் அதுதான்.

மூன்று, கடந்த மாதம் அளக்கப்பட்ட குழந்தைகளின் பங்கு. தன்னார்வலர் பதிவேட்டிலிருந்து எடுக்காதீர்கள், அவர் போன வீடுகள் மட்டும்தான் அதில் இருக்கும். ஒவ்வொரு மேற்பார்வைப் பகுதியிலும் 19 வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து கேளுங்கள். 80% இலக்கு என்றால் 19-இல் 13 வீடாவது ஆம் என்று சொல்ல வேண்டும். 12 என்றால் அந்தப் பகுதி இலக்கை எட்டவில்லை, அங்கே போய்ப் பாருங்கள். ஒரு பகுதிக்கு ஒரு நாள் வேலை. பகுதி தேறியதா இல்லையா என்று பிரிக்கத்தான் 19 உதவும், துல்லியமான விழுக்காடு சொல்ல உதவாது.

தொடக்க அளவீட்டைப் பணம் வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். பயிற்சி முடிந்து எடுத்தால் அது தொடக்கம் ஆகாது.

முடிவுகளைக் கட்டுரையாக வெளியிடும் எண்ணம் இருந்தால் ஆய்வு அறநெறிக் குழுவின் அனுமதி முதலில். அதற்கு மாதங்கள் ஆகும். "பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்பது கிடையாது, எடுத்த தரவுக்குப் பின்னோக்கி அனுமதி தரமாட்டார்கள். குழந்தையின் படம் போட வேண்டுமென்றால் தாயின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், சட்டையில்லாத மெலிந்த குழந்தைப் படம் எக்காரணத்துக்கும் வேண்டாம்.

---

செவிலிக்குரல்

முவாக் வேண்டாம், மருத்துவமனைக்குள் செய்யும் வேலை வேண்டும் என்பவர்களுக்கு ஒரு மாற்று: பிறந்தவுடன் மூச்சுவிடாத குழந்தைக்கான பயிற்சி. 2010-இல் வந்த "ஹெல்ப்பிங் பேபீஸ் ப்ரீத்" பாடம் இதற்கென்றே எழுதப்பட்டது. பொம்மை, காற்றுப்பை, முகமூடி, உறிஞ்சுகுழல், துணி, இவ்வளவுதான் தளவாடம். முகமூடி இரண்டு அளவிலும் வேண்டும்: நிறைமாதத்துக்கு 1, குறைமாதத்துக்கு 0. துடைத்துத் தூண்டியும் மூச்சு வரவில்லை என்றால், பிறந்து ஒரு நிமிடத்துக்குள் காற்றுப்பை வேலை தொடங்கியிருக்க வேண்டும், நிமிடத்துக்கு 40 வீதம். மார்பு ஏறவில்லை என்றால் பெரும்பாலும் முகமூடி விளிம்பில் காற்று கசிகிறது, அல்லது தலை சரியாக வைக்கப்படவில்லை.

இது தோற்பது பயிற்சி நாளில் அல்ல, அதற்குப் பின் வரும் மாதங்களில். கைப்பழக்கம் சில மாதங்களில் மங்கிவிடும். வாரம் பத்து நிமிடம், பணி மாறும் நேரத்தில், பிரசவ அறையிலேயே பயிற்சி செய்தால் நிற்கும். அதற்குப் பொம்மை பிரசவ அறையில் இருக்க வேண்டும். அலமாரியில் பூட்டிச் சாவி கண்காணிப்பாளரிடம் இருந்தால் பயிற்சி நடந்த கணக்கில்தான் இருக்கும். விண்ணப்பத்திலேயே "பொம்மை வைக்கப்படும் இடம்" என்று ஒரு வரி எழுதி மருத்துவமனைத் தலைமையின் கையெழுத்தை வாங்குங்கள்.

---

வரவுசெலவு

யாரிடம் கேட்பது என்பதற்கும் பொருத்தம் வேண்டும். ஜப்பான் தூதரகங்கள் தரும் அடித்தள மானியம் கட்டடம், கருவி போன்றவற்றுக்கு, நடைமுறைச் செலவுக்குப் பொதுவாக வராது. ரோட்டரியின் உலகளாவிய மானியத்தில் திட்ட மதிப்பு குறைந்தது 30,000 டாலர், இரு நாட்டுக் கிளப்புகள் சேர வேண்டும். பயிற்சி, பயணம், அச்சு என்று போகும் 2,000 டாலர் திட்டத்தை அங்கே கொண்டுபோனால் நேரம்தான் வீண்.

இன்னொன்று. குழந்தைப் பால்மாவு நிறுவனம் "நாங்கள் தருகிறோம்" என்று வந்தால் மறுத்துவிடுங்கள். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருள்களின் விற்பனை உத்திகளைக் கட்டுப்படுத்தும் 1981 பன்னாட்டு விதித்தொகுப்பு இருப்பதே இதற்காகத்தான். நன்கொடைக் கருவிகளையும் யோசித்து வாங்குங்கள். மின்னழுத்தம் பொருந்துமா, உதிரி கிடைக்குமா, பெரியவர் விரலுக்கான ஆக்சிஜன் மானியைக் கைக்குழந்தைக்கு மாட்டச் சொல்கிறார்களா (தப்பாகக் காட்டும், குழந்தைக்கான உணரி தனி). துறைமுகத்தில் நிற்கும் பெட்டிக்கு நாள்வாடகை உங்கள் கணக்கில்தான் ஏறும்.

---

மருந்தறை

பக்கவாட்டில் ஒன்று. வயிற்றுப்போக்கையும் சேர்க்க நினைத்தால் ஓஆர்எஸ் பொட்டலத்தின் அளவைப் பாருங்கள். 1 லிட்டர் பொட்டலமும் 200 மி.லி. பொட்டலமும் ஒரே நிலையத்தில் கலந்து கிடக்கும். லிட்டர் பொட்டலத்தை ஒரு தம்ளரில் கரைத்தால் உப்பு பல மடங்காகும், அது ஆபத்து. ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கும் ஒரு பாத்திரத்தில் எந்த மட்டம் ஒரு லிட்டர் என்று அளந்து கோடு போட்டுக் காட்டுங்கள். துத்தநாக மாத்திரை 10 முதல் 14 நாள்: ஆறு மாதத்துக்கு மேல் 20 மி.கி., கீழ் 10 மி.கி. மூன்றாம் நாளில் போக்கு நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். அதனால் முழுப் பட்டையையும் ஒரே தடவையில் கையில் கொடுங்கள்.

---

சிற்றாறு

திருத்திய வரைவு. பசை இல்லை. நாடா 60-இலிருந்து 260 ஆக, அம்மாக்களுக்கும் சேர்த்து, 130 டாலர். மூன்றாவது மீள்பயிற்சியை நீக்கினேன், 96 மிச்சம். எதிர்பாராச் செலவிலிருந்து 4 எடுத்தால் நாடாவின் கூடுதல் 100 சரியாகிறது.

போக்குவரத்து: இரு வாரத்துக்கு ஒரு வருகை, எட்டு வாரத்தில் முதல் வருகையும் சேர்த்து 5 பயணம். 35 குழந்தைகளில் 5 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்போர் மூன்றில் ஒரு பங்கு, 12 என்று வைத்தால் 12 × 5 × 5 = 300. ஒதுக்கிய 400-இல் 100 மீதம். அதை மேற்பார்வைப் பயணத்துக்கு மாற்றலாமா?

---

மருதம்

மாற்றாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு என்பது இப்போது நிலையத்துக்கு வருபவர்களை வைத்துப் போட்டது என்றால், தொலைவூர்க் குழந்தைகள் அதில் குறைவாகத்தான் இருப்பார்கள். அளவெடுப்பு ஒழுங்காக நடந்தால் புதிதாகக் கிடைப்பவர்கள் அங்கிருந்துதான் வருவார்கள். 12 பேர் 16 ஆனால் அந்த 400 முழுவதும் தீர்ந்துவிடும். முதல் ஆறு மாதம் சீட்டுகளில் ஊர்ப்பெயரைப் பாருங்கள், பிறகு முடிவு செய்யலாம்.